புதன்கிழமை விண்ணப்பம்

அந்த ஜன்னலோரம் எனக்குத் தருகிறாயா பாப்பா? பஸ் கிளம்பினாலே எனக்குக் குமட்டும். நல்லா இரு. இந்தத் தூக்குவாளியை மட்டும் உன் காலுக்கும் என் காலுக்கும் நடுவில் வைத்துக்கொள்கிறேன். சாயக் கூடாது. உள்ளே குழம்பு. மூடி சரியாக உட்காராது, அதனால்தான் துணி போட்டுக் கட்டியிருக்கிறேன்.

எங்கே இறங்குகிறாய்? காலேஜ் விலக்கா? நானும் அங்கேதான். முதல் வருஷமா? விடுதியிலா இருக்கிறாய்? அப்படியென்றால் ஆண்டவர் உன்னை என் பக்கத்தில் கொண்டுவந்து உட்காரவைத்தது சும்மா இல்லை. என் மகள் எப்சிபா அங்கே இரண்டாம் வருஷம். இன்றைக்கு அவளைப் பெட்டியும் படுக்கையுமாகக் கூட்டிக்கொண்டு போகத்தான் வந்துகொண்டிருக்கிறேன். அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் ஒளிந்துகொள்வாள். வார்டனைப் பார்ப்பேன், பெட்டியைக் கட்டு என்பேன், அடுத்த பஸ்ஸில் ஏற்றிவிடுவேன். எங்கள் ஊர்ப் பக்கம் காலேஜா இல்லை?

உன் அறைக் கதவை யாராவது வந்து தட்டினார்களா? தட்டியிருப்பார்களே. சேர்ந்த புதிதில், வீட்டை நினைத்துத் தலையணையை நனைத்துக்கொண்டு கிடக்கிற நேரம் பார்த்து வருவார்கள். இரண்டு பேராகத்தான் வருவார்கள். ஒருத்தி சிரிப்பாள். இன்னொருத்தி கையில் பிஸ்கட் பாக்கெட் இருக்கும். மெஸ் சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா, வாளி வாங்கிவிட்டாயா, கணக்குப் பாடம் புரிகிறதா, இதுதான் பேச்சு. சாமியைப் பற்றி ஒரு வார்த்தை வராது. அதுதான் தந்திரம். அப்புறம் புதன்கிழமை சாயந்தரம், 'சும்மா வாயேன், பாட்டுப் பாடுவோம், சுண்டல் உண்டு' என்பார்கள். நீ போவாய். எல்லோரும் போகிறார்கள். அழுதுகொண்டிருக்கிற பிள்ளைக்குச் சுண்டல் கொடுத்தால் போகாமல் என்ன செய்யும்?

நீ பொட்டு வைத்திருக்கிறாய். உன்னை அவர்கள் தேடி வந்தால்கூட ஒரு நியாயம் இருக்கிறது. நாங்கள் வேதக்காரர்கள். என் தாத்தாவுக்குத் தாத்தா காலத்திலேயே ஞானஸ்நானம் வாங்கிய குடும்பம். கோயிலில் பாடகர் குழுவில் நான் பாடுகிறேன். பெண்கள் சங்கத்துக்குச் செயலாளர். மிஷன் பள்ளிக்கூடத்தில் டீச்சர். என் மகளுக்கு இயேசுவை அறிமுகப்படுத்த ஒரு கும்பல் பிஸ்கட் பாக்கெட்டோடு கிளம்பி வருகிறது என்றால் அதற்கு என்ன பெயர்? கொல்லத் தெருவில் ஊசி விற்பது.

நான் முதலில் ஒன்றும் சொல்லவில்லை. ஜெபக் கூட்டம்தானே, சினிமாவுக்கா போகிறாள் என்று இருந்துவிட்டேன். போனில் பேசினால் ஒரே 'மாரி, மாரி'. மாரியும் நானும் துணி துவைத்தோம், மாரி எனக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தாள், மாரியும் நானும் விடிகாலையில் மொட்டை மாடியில் ஜெபம் பண்ணினோம். 'யாருட்டி அந்த மாரி?' என்றேன். 'மாரிச்செல்விம்மா. என் அறைத்தோழி. கதவத் தட்டுன அக்காமாரு எங்க ரெண்டு பேரையும் சேத்துத்தான் கூப்பிட்டாங்க. அவளும் இப்போ ஆண்டவரை ஏத்துக்கிட்டா' என்றாள். சரி, நல்ல காரியம்தான். ஆனால் ஏற்றுக்கொண்டவள் பெயரை மாற்ற வேண்டாமா? ரூத், மேரி என்று எத்தனை பெயர் இருக்கிறது. மாரியாத்தா பெயரை வைத்துக்கொண்டு என்ன விசுவாசம்?

முதல் வருஷம் காலாண்டு விடுமுறைக்கு வந்தாள். அந்த ஞாயிற்றுக்கிழமை வாலிபர் ஆராதனை. எங்கள் ஐயர், அதாவது பாதிரியார், புதிது புதிதாக ஏதாவது செய்வார். காலேஜில் சேர்ந்த பிள்ளைகள் எல்லாம் எழுந்து சாட்சி சொல்லுங்கள் என்றார். சாட்சி என்றால் உனக்குத் தெரியாது. கடவுள் எனக்கு என்ன செய்தார் என்று சபை நடுவில் நின்று சொல்வது. குடியை விட்டேன், கட்டி கரைந்தது, இப்படிச் சொல்வார்கள். அதற்கென்று ஒரு முறை இருக்கிறது.

எப்சி எழுந்தாள். பாடகர் குழு சபையைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கும், தெரியுமா? வெள்ளை அங்கி போட்டுக்கொண்டு முன்வரிசையில் நான். எல்லோருடைய கண்ணும் எனக்கு நேரே. இவள் சொல்கிறாள்: 'நான் இதுவரைக்கும் பேருக்குத்தான் கிறிஸ்தவளா இருந்தேன். எங்க வீட்டுல தினமும் குடும்ப ஜெபம் உண்டு. ஜெபம் முடிஞ்சா ஆளுக்கொரு மூலைக்குப் போயிருவோம். காலேஜுக்குப் போய்த்தான் எனக்கு ஒரு சிநேகிதி கெடச்சா. என்கிட்ட உக்காந்து நான் பேசுறதைக் கேட்டா. அவகூட ஜெபிச்சப்போதான் ஆண்டவர் நெசமாவே இருக்காருன்னு எனக்குத் தெரிஞ்சுது.'

பாட்டுப் புத்தகத்தைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டேன். தலைகீழாகப் பிடித்திருக்கிறேன். அடுத்த பாட்டு தொடங்கினபோதுதான் தெரிந்தது.

ஆராதனை முடிந்ததும் ஐயரம்மா வந்து கையைப் பிடித்துக்கொண்டு, 'எப்சி நல்லாப் பேசுனா டீச்சர்' என்றாள். அந்தச் சிரிப்பை நீ பார்த்திருக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்து கேட்டேன். 'ஏட்டி, இந்த வீட்டுல நான் உன்கிட்ட பேசலையா? நான் பேசாத நேரம் ஒண்ணு சொல்லு பாப்போம்.'

எங்கள் வீட்டுக்காரர் செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து, 'அதுக்கு நான் சாட்சி' என்றார்.

இப்படி ஒரு மனுஷன். அப்பனும் மகளும் சிரித்தார்கள். நான் அன்றைக்குச் சாப்பிடவில்லை. சாப்பிடவில்லை என்று யாரும் கேட்கவுமில்லை.

இரு, சாத்தூர் வந்துவிட்டது. சேவு வாங்கிக்கொள்கிறேன். இந்தாப்பா, காரம் கம்மியாகக் கொடு. உனக்கும் சேர்த்துத்தான் பாப்பா, வேண்டாம் என்று சொல்லாதே. பொட்டலத்துக்குள் கை விடாதே, நமுத்துப்போகும். உனக்குத் தனியாகக் காகிதத்தில் போட்டுத் தருகிறேன். உங்களுக்கு எந்த ஊர் என்று சொன்னாய்? அங்கே எந்தப் பக்கம்? பஸ் ஸ்டாண்டுக்குக் கிழக்கேயா மேற்கேயா? சிரிக்கிறாய். சரி, சொல்ல வேண்டாம். டீச்சர் புத்தி, எல்லாவற்றையும் கேட்கும்.

எங்கே விட்டேன்? ஆமாம். விடுமுறை முடிந்து அவள் போன கொஞ்ச நாளில், முறுக்குச் சுட்டு எடுத்துக்கொண்டு விடுதிக்கே போனேன். சொல்லாமல்தான் போனேன். வரவேற்பறையில் உட்கார்ந்திருக்கிறேன். ஒரு கூட்டம் பிள்ளைகள் வந்து சூழ்ந்துகொண்டார்கள். பெர்சிஸ் என்று மூன்றாம் வருஷத்துப் பிள்ளை, அவள்தான் இவர்களுக்கெல்லாம் தலைவி, என் பெயரைச் சொல்லி, முழுப்பெயர், இனிஷியலோடு சொல்லி, 'நீங்கதானா அது!' என்று கையைப் பிடித்துக் குலுக்குகிறாள். நான் ஏதோ பிரபலம்போல.

'என் பேரு உனக்கு எப்படிம்மா தெரியும்?'

'வாராவாரம் சொல்றோமே ஆன்ட்டி! புதன்கிழமை ஜெபத்துல எப்சியோட விண்ணப்பமே நீங்கதானே!'

'எனக்கு என்ன நோயின்னு சொன்னா?'

'ஐயோ, நோயெல்லாம் இல்ல ஆன்ட்டி.' அவள் சிரித்துக்கொண்டே, எத்தனை சுலபமாகச் சொல்கிறாள் பார், 'நீங்க இரட்சிக்கப்படணும்னுதான்!'

உனக்குப் புரியாது, சொல்கிறேன். குடிகாரன், சூதாடி, சாமியே இல்லை என்கிறவன், இவர்களுக்காகச் செய்கிற ஜெபம் அது. கடவுளே, இந்த ஆளுக்கு எப்படியாவது புத்தி வரட்டும் என்று. அதில் என் பெயர். முகம் தெரியாத பிள்ளைகள், அதில் பாதிப் பேர் நேற்றுவரை விபூதி பூசியிருந்தவர்கள், கண்ணை மூடிக்கொண்டு என் பெயரைச் சொல்லி உருகுகிறார்கள். நான் பெற்றவள் கொண்டுபோய்க் கொடுத்த விண்ணப்பம். சொந்தச் சபையிலே ஐயருக்கு அடுத்தபடி நான். அங்கே நான் குடிகாரன் வரிசையில்.

முறுக்கைக் கொடுத்தேன். சிரித்தேன்.

அப்போதுதான் அவள் வந்தாள். மாரிச்செல்வி. ஒல்லியாக, எண்ணெய் வைத்து இழுத்துப் பின்னிய சடை. வந்தவள் உடம்பில் என் மகளுடைய சுடிதார். பாளையங்கோட்டையில் நான் துணி எடுத்து, அளவு கொடுத்துத் தைத்தது. அதைப் போட்டுக்கொண்டு என் முன்னால் வந்து நிற்கிறாள்.

'வாங்க ஆன்ட்டி. எப்சி குளிச்சிட்டிருக்கா. தண்ணி தரவா?'

'வேண்டாம்மா, கொண்டுவந்திருக்கேன். உங்கப்பா என்ன வேலை பாக்காங்க?'

'நகராட்சில ஆன்ட்டி.'

'ஆபீஸ்லயா?'

'இல்ல ஆன்ட்டி. குப்பை லாரில.'

கூசாமல் சொன்னாள். கொஞ்சம் தலையைக் குனிந்து சொல்லியிருந்தால்கூட எனக்கு மனசு இரங்கியிருக்கும். நேரே கண்ணைப் பார்த்துச் சொன்னாள். உடனே பெர்சிஸ், அதை மூடி மறைக்கிறாளாம், 'போன மாசம் எப்சிக்குக் காய்ச்சல் வந்தப்போ மாரிதான் ஆன்ட்டி பாத்துக்கிட்டா. வாந்தியெல்லாம் அவதான் அள்ளுனா. காலேஜுக்குப் போகாம பக்கத்துலயே கெடந்தா' என்றாள். காய்ச்சல் வந்தது எனக்கே தெரியாது. எப்சி போன் பண்ணியிருக்கிறாள். நான் பெண்கள் சங்க மாநாட்டில் பாடிக்கொண்டிருந்தேன். அப்புறம் கூப்பிட நினைத்து மறந்துவிட்டேன். அதற்கென்ன. வாந்தி அள்ளினாளாம். அள்ளட்டும். அதெல்லாம் அவர்களுக்குக் கைவந்த வேலைதானே.

ஏன் சேவு அப்படியே கையில் இருக்கிறது? காரமா?

'பேரை மாத்திக்கலையாம்மா?' என்று மட்டும் கேட்டேன், நல்லபடியாகத்தான். அதற்கு அவள், 'எதுக்கு ஆன்ட்டி? மாரின்னு கூப்பிட்டுத்தானே ஆண்டவரு என்னைய எழுப்புனாரு' என்கிறாள். எல்லோரும் சிரிக்கிறார்கள். குளித்துவிட்டு வந்த என் மகளும் ஈரத்தலையோடு நின்று சிரிக்கிறாள்.

அப்புறம் நவம்பரில் அசனம் வந்தது. எல்லாம் நாசமானது அதில்தான்.

அசனம் என்றால் எங்கள் கோயில் பண்டிகையின் கடைசி நாள் சாப்பாடு. ஆட்டுக்கறிக் குழம்பு, சோறு, ரசம். ஊர் முழுக்க ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடும். படித்தவன் படிக்காதவன், பணக்காரன் ஏழை என்ற பேதமே கிடையாது. ஆண்டவருக்கு முன்னால் எல்லோரும் சமம் என்று காட்டத்தான் அந்தக் காலத்திலேயே வெள்ளைக்காரப் பாதிரிமார்கள் ஏற்படுத்தினது. கலெக்டர் வந்தால்கூடத் தரையில்தான் இலை. அப்படி ஒரு வழக்கத்தை நீ வேறு எங்கேயும் பார்க்க முடியாது. கீழத்தெருக்காரர்கள் மட்டும் பாத்திரம் கொண்டுவந்து, சமையல் கொட்டகைக்குப் பின்பக்கம் வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். அது அவர்கள் வசதிக்கு. வேலைக்குப் போகிற சனங்கள், பந்திக்குக் காத்திருக்க முடியாது, அதனால் ஏற்பட்ட பழக்கம். யாரும் அவர்களை உட்காராதே என்று சொன்னது கிடையாது. அவர்களும் கேட்டது கிடையாது.

எப்சி அந்தப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். ஒரு வார்த்தை கேட்காமல். பெண்கள் பந்திக்குப் பொறுப்பு நான். பார்க்கிறேன், முதல் பந்தியில், ஐயரம்மாவுக்கு இந்தப் பக்கம் என் மகள், அவளுக்கு இந்தப் பக்கம் இவள். இலை போட்டாகிவிட்டது. எங்கள் வகையறாப் பெண்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்க்கிறார்கள். என் நாத்தனார் இலையை லேசாகத் தள்ளிப் போட்டுக்கொள்கிறாள். ஒருத்தி என் காதில் வந்து, 'யாரு டீச்சர் அந்தப் பிள்ள? எந்த ஊரு?' என்கிறாள். ஊரைத் தெரிந்துகொள்ளவா கேட்கிறாள்?

நான் என்ன செய்தேன் என்று கேள். நீயே நியாயம் சொல். நான் ஒரு சத்தம் போடவில்லை. முகம் சுளிக்கவில்லை. போய்க் குனிந்து, அவள் காதில், அவ்வளவு மெதுவாக, 'மாரி, உனக்கு விருதுநகருக்குப் போற பஸ்ஸுக்கு நேரமாயிரும்மா. நான் பார்சல் கட்டித் தாரேன், வீட்டுல அப்பா அம்மாவோட சாப்பிடு' என்றேன். எப்சி உடனே, 'அவ ராத்திரி நம்ம வீட்டுலதாம்மா தங்குதா' என்றாள். 'இல்லட்டி, உனக்குத் தெரியாது' என்றேன். அந்தப் பிள்ளை என்னை ஒரு பார்வை பார்த்தாள். சரிங்க ஆன்ட்டி என்று எழுந்துவிட்டாள். புத்தியுள்ள பிள்ளைதான். புரிந்துகொண்டாள்.

பின்பக்கம் கூட்டிக்கொண்டு போய் என் கையாலேயே, இதோ இதே தூக்குவாளியில், குழம்பு ஊற்றினேன். நல்ல நெஞ்செலும்பாகப் பார்த்து, ஈரல் துண்டாகப் பார்த்துப் போட்டேன். பந்தியில் உட்கார்ந்திருந்தால் இவ்வளவு கறி இலையில் விழாது. எனக்கு அவள்மேல் வெறுப்பு இருந்தால் ஈரல் போடுவேனா?

திரும்பிப் பார்க்கிறேன். எப்சி நிற்கிறாள். இலையை அப்படியே விட்டுவிட்டு, கையில் ஒரு அலுமினியச் சட்டியோடு, கீழத்தெருப் பெண்களின் வரிசையில். என் மகள். பாடகர் குழுக்காரி மகள். அந்தப் பெண்கள் வழிவிட்டு, 'நீங்க எதுக்கும்மா இங்க, போங்க போங்க' என்று பதறுகிறார்கள். நகர மாட்டேன் என்கிறாள். அவள் முறை வந்ததும் சட்டியை என் முன்னால் நீட்டினாள்.

'எனக்கும் பார்சல் போடுங்க டீச்சர்.'

டீச்சர் என்றாள். அம்மா என்று சொல்லவில்லை.

கையில் கரண்டி. பின்னால் பந்தி முழுக்க எழுந்து நின்று பார்க்கிறது. நான் என்ன செய்ய முடியும்? ஊற்றினேன். ஊற்றாமல் கரண்டியை வைத்திருந்தால் அசிங்கம் இன்னும் பெரிதாகியிருக்கும். இரண்டு பேரும் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, ஒரே சட்டியில் கை போட்டுச் சாப்பிட்டார்கள். அப்புறம் வீட்டுக்கு வந்து பையை எடுத்தார்கள். கிளம்பிவிட்டார்கள்.

வாசலில் மறித்தேன். 'ஏட்டி, ஊர் முன்னால என் மானத்தை வாங்கிட்டியே' என்றேன். எப்சி அழவில்லை. 'எம்மா, மாரிகூட உக்காந்து ஒரு வேளை சாப்பிடு. ஒரே ஒரு வேளை. அன்னைக்கு நான் வாரேன்' என்றாள். நான், 'அதுக்கு வேற ஆளப் பாரு' என்றேன். இவ்வளவுதான் பேச்சு. அன்றைக்குப் போனவள்தான். ஒரு வருஷம் ஆயிற்று.

அந்தக் கிறிஸ்துமஸுக்கு வரவில்லை. எங்கே இருந்தாள் தெரியுமா? மாரி வீட்டில். கிறிஸ்துமஸே இல்லாத வீட்டில் போய் என் மகள் கிறிஸ்துமஸ் கொண்டாடினாள். இவர், எங்கள் வீட்டுக்காரர், எனக்குத் தெரியாமல் போய்ப் பார்த்திருக்கிறார். வாசலில் ஸ்டார் கட்டியிருந்தார்களாம். மாரியின் அம்மா இவருக்கு வேட்டி துண்டு வைத்துக் கொடுத்தார்களாம். சாப்பிட்டுவிட்டு வந்திருக்கிறார். வரும்போது இந்தத் தூக்குவாளி கையில். பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தரக் கூடாதென்று அவள் அம்மா அதிரசம் சுட்டு நிரப்பிக் கொடுத்தார்களாம். நான் கோழிக்குப் போட எடுத்தேன். இவர் என் கையிலிருந்து ஒன்றை எடுத்து வாயில் போட்டு, 'பாகு பதம் நல்லாருக்கு டீச்சரே' என்றார். அவரோடு நான் ரொம்ப நாள் பேசவில்லை. அவருக்கு அது தெரிந்ததா என்றுகூடத் தெரியவில்லை.

இன்னொன்றும் அவர்தான் சொன்னார். விண்ணப்பத்தை மாற்றிவிட்டார்களாம். இப்போது இரட்சிப்பு இல்லையாம். 'எப்சியோட அம்மா மாரியைத் தேடி ஒரு நாள் வரணும்' என்று ஜெபிக்கிறார்களாம். வருஷம் முழுக்க. உபவாசம்கூட இருந்திருக்கிறார்களாம், மெஸ்ஸில் சாப்பிடாமல். தாங்கள் பட்டினி கிடந்து என்னை வரவழைக்கப் பார்க்கிறார்கள். புதன்கிழமை சாயந்தரமானால் எனக்கு இங்கே நெற்றிப் பொட்டில் வலிக்கும். பிரமை என்று இவர் சொல்கிறார். எனக்குத் தெரியும்.

முந்தாநாள் இந்த வருஷத்து அசனம். வருவாள் என்று நினைத்தேன். கடைசிப் பந்திவரை எனக்குப் பக்கத்தில் ஒரு இலையை விட்டுவைத்திருந்தேன். காற்றில் பறக்கிறது என்று யாரோ அதன்மேல் ஒரு தம்ளரை வைத்தார்கள். அவ்வளவுதான். அவளுக்கு மறுநாள் சுண்ட வைத்த அசனக் குழம்பு என்றால் உயிர். சின்ன வயதில் சட்டியைக் கழுவ விட மாட்டாள், சோற்றைப் போட்டுப் பிரட்டித் தின்பாள். அதுதான் இரண்டு நாள் சூடு காட்டி, சுண்ட வைத்து, எடுத்துக்கொண்டு வருகிறேன். இதை வாயில் வைத்தால் பேசாமல் பெட்டியைக் கட்டுவாள். எனக்குத் தெரியாதா? பெற்றவள் நான்.

இரு, போன் அடிக்கிறது. இவர்தான்.

என்ன? பஸ்ஸுலதான் இருக்கேன். விருதுநகர் தாண்டியாச்சு. என்னது? யாரைக் கேட்டுச் சொன்னீங்க? நான் சொல்லாமப் போறேன்னு தெரியுமில்ல? பரீட்சையா? எப்சிக்கா? சாயந்தரம் வரைக்குமா? அப்போ யாரு விலக்குக்கு வாரா? யாரு? ஏங்க, உங்களுக்குப் புத்தி இருக்கா? அவளை எதுக்கு... நான் என்ன நொண்டியா, குருடா? வழி காட்ட ஆள் வேணுமா எனக்கு? வைங்க. வைங்கன்னேன்.

கேட்டாயா? மாரிச்செல்வி வந்து விலக்கில் நிற்கிறாளாம். அவளுக்கு இன்றைக்குப் பரீட்சை இல்லையாம். வெயிலாக இருக்கிறதே என்று குடை கொண்டுவருகிறாளாம். என்னை அறைக்குக் கூட்டிக்கொண்டு போய், எப்சி வருகிறவரைக்கும் பார்த்துக்கொள்வாளாம். சாப்பாடு வாங்கி வைத்திருக்கிறாளாம். எனக்கும் அவளுக்கும்.

இன்றைக்கு என்ன கிழமை பாப்பா?

புதனா?

ஆக, நான் இறங்குகிறேன். அவள் ஓடி வந்து பையை வாங்குகிறாள். குடையைப் பிடிக்கிறாள். அறையில் உட்காரவைத்துச் சோற்றைப் பிரிக்கிறாள். நான் அந்தச் சோற்றில் கை வைக்கிறேனோ இல்லையோ, சாயந்தரம் என்ன நடக்கும்? எல்லோரும் கூடுவார்கள். அந்தப் பெர்சிஸ் போய்விட்டால் வேறொரு பெர்சிஸ். 'வருஷம் பூராவும் ஜெபிச்சோம், இன்னைக்கு எப்சியோட அம்மா மாரியைத் தேடி வந்துட்டாங்க' என்று எழுந்து நின்று சொல்வார்கள். கை தட்டுவார்கள். அழுவார்கள். என்னைச் சாட்சி ஆக்கிவிடுவார்கள், புரிகிறதா? நான் என் மகளைத்தான் தேடி வந்தேன். அவர்கள் ஜெபித்ததால் வரவில்லை. எனக்குப் பிள்ளையைப் பார்க்க வேண்டும் என்று இருந்தது, வந்தேன். அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. ஆனால் அப்படிச் சொன்னால் யார் கேட்பார்கள்?

அதோ. அந்தப் புளியமரத்தடியில். கறுப்புக் குடை. அவள்தான். பச்சைச் சுடிதார். அதுவும் எப்சியுடையது, நான் எடுத்துக் கொடுத்தது. பஸ்ஸை எட்டி எட்டிப் பார்க்கிறாள்.

எழுந்துவிட்டாயா? ஒரு உதவி செய் பாப்பா. கொஞ்சம் இந்தப் பக்கம் மறைத்து நில். நான் இறங்கவில்லை. மதுரைவரை போய், வேறு பஸ் பிடித்துத் திரும்பிக்கொள்கிறேன். கண்டக்டரிடம் நான் டிக்கெட் வாங்கிக்கொள்கிறேன், நீ கவலைப்படாதே. நீ இறங்கினதும் அவள் உன்னிடம் வந்து கேட்பாள். இந்த மாதிரி, கண்ணாடி போட்ட ஒரு டீச்சர் வந்தார்களா என்று கேட்பாள். அப்படி யாரும் இந்த பஸ்ஸில் வரவில்லை என்று சொல்லிவிடு.

ஏன் அப்படிப் பார்க்கிறாய்? பொய்யா? என்ன பொய்? என் பெயர் உனக்குத் தெரியுமா? இவ்வளவு நேரம் பேசினேன், நீ கேட்கவே இல்லை. அவர்களுக்குத்தான் தெரியும். தெரியாத ஒருத்தியைத் தெரியாது என்று சொல்வதில் என்ன பாவம்?

இந்தா, இந்தத் தூக்குவாளியைப் பிடி. இதை மட்டும் அவளிடம் கொடுத்துவிடு. யாரும் வரவில்லை என்றால் குழம்பு எப்படி வந்தது என்று அவள் கேட்க மாட்டாள். வாங்கிக்கொள்வாள். போன தடவையும் கேட்காமல்தான் வாங்கிக்கொண்டாள்.

போ, விசில் அடித்துவிட்டான். மூடியை அழுத்திப் பிடி. அப்புறம் ஒன்று பாப்பா, யாரோ சொன்னதாகச் சொல்: சுட வைத்துத்தான் எப்சிக்குக் கொடுக்க வேண்டும். ஆறின குழம்பு அவள் வயிற்றுக்கு ஆகாது.